மவுஸ் என் கையில் இருந்தது

கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம் என்ற யோசனை எனக்கு வந்ததில்லை. அது அக்காவுக்கு வந்த யோசனை. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். ஷூவின் மேல்பாகத் தோலை நாங்கள் அப்பர் என்போம். அவள் தைத்து முடித்த அப்பர் என் கைக்கு வரும், நான் அடுத்த தையல் போட்டுத் தள்ளுவேன். இரண்டு பேரும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவோம். வயதில் என்னைவிட நிறையப் பெரியவள். நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, ஊசி விரலில் ஏறி அழுதுகொண்டிருந்த என்னைத் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிப்போனவள் அவள்தான். அன்றிலிருந்து அக்கா.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஆபீஸ் மேடம் லைனுக்கு வந்தார். இனிமேல் ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு சிஸ்டம் டேபிள் வரப்போகிறது, தைத்து முடித்த பண்டில்களில் இருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணி யார் எவ்வளவு முடித்தார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், முதலில் இந்த லைனுக்கு ஓர் ஆள் தேவை என்றார்.

"வெளியில இருந்தும் எடுக்கலாம். ஆனா உங்கள்ல ஒருத்தர்னா லைன் வேலை தெரிஞ்சவங்களா இருப்பாங்க. பேசிக் கம்ப்யூட்டர் தெரியணும். டெஸ்ட் வெப்போம். இஷ்டம் இருக்கறவங்க கத்துக்கிட்டு வாங்க."

நான் தலையைத் தூக்கவே இல்லை. எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நாம போலாம்டி."

"எங்கக்கா?"

"கம்ப்யூட்டர் கிளாஸுக்கு."

நான் சிரித்துவிட்டேன். பன்னிரண்டாவது வரை படித்தவள்தான் நான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களை உறை போட்ட நிலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அக்கா பத்தாவதோடு நின்றவள்.

"சிரிக்காத. எனக்குத் தனியா போறதுக்கு ஒரு மாதிரி கீது. நீ வந்தா நானும் போவேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டுப் போவது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறாள், அதிலும் கிளாஸா என்றார். அக்கா நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்று பேசவில்லை. உள்ளே வந்து, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, ரெண்டு மணி நேரம்தான். நானே கூட்டினு போயி நானே கூட்டினு வந்து வுட்றேன். குனிஞ்சினு தைக்காம சாஞ்சி உக்காந்து பாக்கற வேலை கெடைச்சா இவளுக்கு முதுகு வலி கம்மி ஆவும்ல."

தன் முதுகைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் சரி என்றார்.

கிளாஸ் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே நடந்தது. குறுகலான படி. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு தோல் பதனிடும் ஷாப்பு வாடையும் வரும். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பள்ளி முடித்த பிள்ளைகள். அக்கா முதல் ஆராதனை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப்போவாள். வெள்ளைப் புடவை, பைபிள் வைத்த துணிப்பை. பிள்ளைகள் அவளைப் பார்த்ததும், டீச்சர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். அவள் கூச்சத்தோடு, "நானும் படிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போனாள்.

சொல்லிக்கொடுத்த மேடம் பர்தா போட்ட சின்ன வயதுப் பெண். முதல் நாள் அவர் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே இல்லை. நாங்கள் ஷூ கம்பெனி என்று தெரிந்ததும் அக்காவிடம் கேட்டார்.

"உங்க கம்பெனிக்குள்ள என்ன போவுதுக்கா?"

"தோலு."

"வெளிய என்ன வருது?"

"ஷூ."

"நடுவுல?"

அக்கா யோசித்துவிட்டு, "நாங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "கரெக்ட். தோலு இன்புட், ஷூ அவுட்புட், நடுவுல நீங்க செய்யறது ப்ராசஸ். கம்ப்யூட்டர்ல அந்த நடு வேலைய செய்யறதுதான் சிபியு" என்றார். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் லைனில் சூப்பர்வைசர் ஏதோ கத்திவிட்டுப் போனதும் என் பக்கம் குனிந்து, "சிபியுவ திட்டக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லுங்கடி" என்றாள்.

பாடத்தை அவள் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கு வரவில்லை. ரேம் என்றால் என்ன, ஹார்ட் டிஸ்க் என்றால் என்ன என்று மேடம் சொன்னது எனக்குக் குழம்பியது. இரண்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதுதானே, எதற்கு இரண்டு என்று பஸ்ஸில் கேட்டேன்.

"மெஷின் டேபிள் மேல பரப்பி வெச்சிருக்கோம்ல, அந்தத் தோலு மாதிரி ரேம்மு. வேலை நடக்கற வரைக்கும்தான் மேல கெடக்கும். ஷிப்டு முடிஞ்சா வாரிப் போட்டுடுவாங்க. ஸ்டோர்ல கொண்டு போய் வெச்சாதான் நாளைக்கும் இருக்கும். அதான் ஹார்ட் டிஸ்க்கு. சேவ் பண்றதுனா ஸ்டோர்ல வெக்கறது. அவ்ளோதான்டி."

அதற்குப் பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. ஹார்டுவேர், சாஃப்ட்வேர், ஃபைல், ஃபோல்டர் எல்லாமே எனக்கு மேடம் சொல்லி ஒரு முறை, அக்கா சொல்லி ஒரு முறை என்று இரண்டு முறை கிடைத்தது. மேடம் கேள்வி கேட்டால் முதலில் பதில் வருவது கடைசி வரிசையிலிருந்துதான்.

ஆனால் சிஸ்டம் இரண்டு பேருக்கு ஒன்று. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ்.

முதல் முறை மவுஸைப் பிடித்தது அக்காதான். நகர்த்தினாள். திரையில் அம்பு ஓடியது. அவள் இன்னும் நகர்த்த, மவுஸ் டேபிளின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் அதை அப்படியே தூக்கிக் காற்றில் நகர்த்தினாள். அம்பு நின்ற இடத்திலேயே நின்றது. முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"குடுக்கா" என்று வாங்கிக்கொண்டேன்.

கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை. பிள்ளைகள் சிரிப்பது அவளுக்கு ஒரு மாதிரி இருக்குமே என்றுதான் வாங்கினேன். இப்படித்தான் எனக்கு நானே நிறைய நாள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மவுஸைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதற்கு அந்தக் காரணம் போதாது.

அதன் பிறகு என் நாற்காலி கம்ப்யூட்டருக்கு நேராகவும் அவள் நாற்காலி பக்கத்திலும் என்று ஆகிவிட்டது. மேடம் ஒரு வேலை சொல்வார்; அக்கா அதை என்னிடம் பிரித்துச் சொல்வாள்; நான் செய்வேன். எங்கள் சிஸ்டத்தில்தான் வேலை முதலில் முடியும். மேடம் சுற்றி வரும்போது, "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்ணுங்கக்கா" என்பார். நான் எழுந்து இடம் கொடுப்பேன். அக்கா ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பாள். மவுஸில் சேர்த்து ரெண்டு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் அவள் விரல் ஒன்று தட்டி, நிதானித்து, இன்னொன்று தட்டும். அந்த நிதானத்தைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது. "இங்கக்கா, இங்க" என்று என் கை குறுக்கே போகும். போன கை மவுஸ் மேல் உட்கார்ந்துவிடும். அவள் கையை எடுத்துக்கொள்வாள்.

"நீ பண்ணு. நான் பாத்துக்கறேன்" என்பாள்.

நேரம் முடிந்து கம்ப்யூட்டரை மூடுவதும் நான்தான். பிள்ளைகளெல்லாம் படியில் இறங்கிக்கொண்டிருப்பார்கள், பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருக்கும். படபடவென்று நான்கு அமுக்கு அமுக்கி மூடுவேன். அக்கா அதற்குள் என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

டெஸ்ட் அன்று எங்கள் லைனிலிருந்து ஐந்தாறு பேர் போயிருந்தோம். முதலில் வாயால் கேட்டார்கள். அக்கா சொன்ன பதிலைக் கேட்டு ஆபீஸ் மேடம் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு ஆளுக்கு ஒரு சிஸ்டம் கொடுத்து, ஒரு ஃபோல்டர் திறக்கணும், ஒரு டேபிள் போட்டு அவர்கள் கொடுத்ததை டைப் பண்ணணும், பேர் போட்டு வைக்கணும் என்றார்கள். அக்கா எனக்கு அடுத்த சிஸ்டம்.

நான் சீக்கிரம் முடித்துவிட்டேன். பக்கத்தில் அக்கா மெதுவாக, ஒரு தப்பும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ரெட்டைத் தட்டு அவளுக்கு மூன்றாம் முறைதான் விழுந்தது. ஆனால் விழுந்தது. டேபிள் முழுக்க வந்துவிட்டது. "முடிச்சவங்க க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார் ஆபீஸ் மேடம். அக்கா அம்பை மெல்ல மேல் மூலைக்குக் கொண்டுபோனாள். அமுக்கினாள்.

திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்தது. சேவ் பண்ணவா, வேண்டாமா, இல்லை விட்டுவிடவா என்று மூன்று பட்டன். எல்லாம் இங்கிலீஷில். அவள் அதைப் பார்த்து உறைந்துபோனாள். நான் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ உடைத்துவிட்டவள் போல மேடம் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நடுவில் இருந்த பட்டனை அமுக்கினாள். பெட்டி போய்விட்டது. டேபிளும் போய்விட்டது.

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், திறந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இறங்கியது. பாவம் என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு நிம்மதி.

வேலை எனக்குக் கிடைத்தது.

சிஸ்டம் டேபிள் லைனின் முடிவில், ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. முதுகு சாய நாற்காலி. நான் அதில் உட்கார்ந்த அன்று அக்கா டிபன் பாக்ஸில் கேசரி கொண்டுவந்து லைன் முழுக்கக் கொடுத்தாள். "எங்க லைன் சிபியு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் என்னோடு பேசாமல் போயிருந்தால், பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தால், எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள்.

என் வேலை சுலபம்தான். பண்டில் வரும், ஸ்டிக்கரைக் காட்டுவேன், பீப் என்று சத்தம் வரும், யாருடைய டோக்கன் நம்பரோ அதற்கு நேராக எண்ணிக்கை ஏறும். டார்கெட்டைத் தொட்டவர்கள் பச்சை. பின்தங்கியவர்கள் சிவப்பு. கம்ப்யூட்டருக்கு யார் மனுஷி, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரியாது. உள்ளே போனதைத்தான் வெளியே காட்டும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் அக்காவின் டோக்கன் நம்பர் சிவப்பாக ஆரம்பித்தது. அவளுக்கு வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துவிட்டபடியே வருவாள். சூப்பர்வைசர் தினமும் சாயங்காலம் என் டேபிளுக்கு வந்து, "ரெட்ல யாரும்மா?" என்று கேட்பார். நான் படிக்க வேண்டும். அக்காவின் நம்பரை, அது யாருடையது என்றே தெரியாதவள் போல, மற்ற நம்பர்களோடு சேர்த்துப் படித்தேன். சூப்பர்வைசர் லைனைப் பார்த்து நடப்பார். நான் குனிந்து ஸ்கேனரைத் துடைப்பேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

ஒரு நாள், "அவங்களுக்குக் கை வலி சார்" என்று சொன்னேன்.

"யாருக்குத்தான்மா வலி இல்ல? லீவு போட்டுக் காட்டச் சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இதே கேள்வியை அவரிடம் கேட்பார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் லீவு போட்டுப் போனேன். அவள் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. காலையில் சீக்கிரமே போயும் கூட்டம் நிறைந்திருந்தது. கவுன்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் டைப் பண்ணிக்கொண்டே இருந்தாள். பேர் கேட்பாள், அடிப்பாள், மவுஸை நகர்த்துவாள், ஒரு சீட்டு பிரிண்ட் ஆகி வரும். அக்கா அந்தப் பெண்ணின் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு டெஸ்ட்ல நான் இன்னாத்த அமுக்கினேன்?"

"எதுக்குக்கா இப்ப அதெல்லாம்?"

"இல்லடி. ராத்திரியில படுத்தா அதே நெனப்பு. ஒரு பொட்டி வந்துச்சி. நான் ஏதோ அமுக்கினேன். எல்லாம் போய்டிச்சி. எதை அமுக்கினா போவும்னு தெரிஞ்சா மனசு ஆறும்."

"சேவ் பண்ண வேணாம்கிறத அமுக்கிட்டக்கா."

"சேவுன்னா எனக்குத் தெரியுமே. ஸ்டோர்ல வெக்கறதுதான. உனக்கே நான்தான சொன்னேன்."

"ஆமாக்கா."

"அப்பறம் ஏன் அமுக்கினேன்?"

"அந்தப் பொட்டிய நீ அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லக்கா. கிளாஸ்ல எப்பவும் நான்தான் மூடுவேன். அது வந்த ஒடனே அமுக்கிடுவேன். நீ பைய எடுத்துக்கினு வாசல்ல நிப்ப."

கவுன்டரில் யாரோ ஒரு பெரியவர் தன் ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விரிஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் என்று. அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை போல. அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு எனக்கு அடுத்த டேபிள்ல நீதான இருந்த. நான் அமுக்கறத பாத்தியா?"

"பாத்தேன்."

எங்கள் நம்பர் வந்தது. டாக்டர் அவள் கையை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார். நரம்பு அமுங்கியிருக்கிறது என்றார். மணிக்கட்டுக்குப் பட்டை எழுதிக் கொடுத்தார், மெஷின் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பள்ளிகொண்டா வரை நின்றுகொண்டு வந்தோம். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். நான் மருந்துப் பையை வாங்கக் கை நீட்டினேன். "வேணாம், இருக்கட்டும்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

கம்பெனியில் அவளை மெஷினிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டுகிற டேபிளுக்கு மாற்றினார்கள். கத்தரிக்கோல் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் நம்பர் என் திரையிலிருந்து போய்விட்டது, ஏனென்றால் அந்த டேபிளுக்கு ஸ்கேன் கிடையாது. சிவப்பைப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வாரம் யோசித்து நான் கிளாஸ் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் சிஸ்டம் சும்மாதான் இருக்கும், வந்து பழகிக்கொள்ளுங்கள் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"யாரு சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டாள்.

"நான்தான்கா."

"நீ பக்கத்துல உக்காந்தா எனக்கு வராது."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. செருப்புக் கடிக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"வரேன். ஆனா நீ அந்தாண்ட ஜன்னல் பக்கம் உக்காரு. நான் கூப்ட்டா மட்டும் வா. வந்தாலும் வாயால சொல்லு. கை வெக்காத."

அப்படித்தான் நடந்தது. ஞாயிறு மத்தியானங்களில் நான் ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கீழே ரோட்டில் வண்டி போவதைப் பார்ப்பேன். என் முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு தட்டு கேட்கும். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு இன்னொரு டக். வலது கையில் பட்டை கட்டியிருந்ததால் இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகினாள். மேடம் செட்டிங்கில் எங்கேயோ போய் எதையோ மாற்றி, மவுஸின் இடம் வலம் பட்டன்களை அவளுக்குத் தோதாக வைத்துக் கொடுத்தார். எழுந்து போய்ச் செய்துகொடுத்துவிடலாம் என்று என் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு எனக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தது என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. உதவி என்று நான் நினைத்திருந்ததெல்லாம் பாதிக்கு மேல் பொறுமை இல்லாததுதான்.

அவள் முதல் முறை என்னைக் கூப்பிட்டது ஒரு ஃபைலை வைத்த இடம் தெரியாமல் போனபோது. போய் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன பேர் வெச்சக்கா?"

"வெச்சது ஞாபகம் கீது. எங்க வெச்சேன்னுதான் தெரியல."

"தேடுறதுக்கு ஒரு கட்டம் இருக்கும் பாரு, கீழ. அதுல பேர அடி."

அடித்தாள். எழுத்து எழுத்தாக அடித்தாள். கிடைத்தது. அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. "போ, போய் உக்காரு" என்றாள்.

எங்கள் கம்பெனியில் இன்னொரு லைனுக்கு சிஸ்டம் டேபிள் வந்தபோது நான் ஆபீஸ் மேடத்திடம் போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன். வாயால் கேட்டதில் அவள்தான் நன்றாகச் சொன்னவள் என்பதை ஞாபகப்படுத்தினேன். கிளாஸில் மவுஸை நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பழக்கமே கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனசும்மா உனக்கு. ஆனா இந்த முறை டிகிரி படிச்ச பொண்ணத்தான் எடுக்கச் சொல்லிட்டாங்க."

நல்ல மனசு என்ற வார்த்தையைக் கேட்டபடி படியிறங்கி வந்தேன். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று இருந்தது.

அக்கா தானாகவே இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தாள். ஓர் இடத்தில் வயது ஜாஸ்தி என்றார்கள். இன்னோர் இடத்தில் டெஸ்ட்டில் நேரம் போதவில்லை. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக் கொட்டகையில் சொன்னாள்.

"அடுத்த மாசத்துல இருந்து வரமாட்டேன்டி. எங்க ஊர் பக்கத்துல கிளவுஸ் தைக்கற சின்ன கம்பெனி ஒண்ணு கீது. ஸ்டோருக்கு ஆளு கேட்டாங்க. வர்ற தோலு, போற தோலு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். டெஸ்ட்டு வெச்சாங்க. ஆயிடுச்சி."

"சொல்லவே இல்லியேக்கா. டெஸ்ட்டு எப்படிப் பண்ண?"

"ஒவ்வொரு வரி அடிச்சதும் சேவ் பண்ணேன். அந்த சார் சிரிச்சாரு, எதுக்கும்மா இத்தினி வாட்டின்னு. சிரிச்சா சிரிக்கட்டும்னு பண்ணேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் என் தோளைத் தொடவில்லை. தன் டிபனை மூடினாள், என் டிபனையும் மூடினாள், இரண்டையும் கழுவக் கொண்டுபோனாள்.

இப்போது அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். எப்போதாவது சந்திப்போம். போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயம் ஆனது. சபைக்குப் பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. நான் பந்தியில் பரிமாறினேன். எல்லோரும் போன பிறகு, பின்பக்கம் அடுக்கியிருந்த நாற்காலிகள் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"உனக்கு என் மேல கோவமாக்கா?"

அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள், நானும் ஒரு மாதிரி ஆறிவிடுவேன் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவள் பட்டுப்புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சி. இப்பவும் கொஞ்சம் கீது. நீ மவுஸ வெச்சிக்கினதுக்கு இல்ல. நான் குடுத்தேன், நீ வாங்கின. பாத்துக்கினே இருந்த பாரு, அதுதான்."

நான் தலையை ஆட்டினேன்.

"விடு. எல்லாம் ஒரே நாள்ல போய்டுமா?" என்று எழுந்தாள். "பிரியாணி மீந்துருக்கு. உங்க மாமியாருக்குக் கட்டித் தரேன், இரு."

அவள் உள்ளே போனாள். நானும் போய்க் கட்டலாம் என்று கை பரபரத்தது; ஆனால் அவள் இரு என்ற இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.